செவலை மலையிறங்கிய விதம்

"அவன் பயமில்லாமல் வர வேண்டுமா, எங்களோடு வந்தால் போதுமா? எனக்கு இரண்டாவது போதும், டாக்டரம்மா."

செவலை என்ற நாயை வளர்க்கும் அந்த அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார். குமுளியிலிருந்து கீழே இறங்கும்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை யோசிக்கிறேன். அடிவாரத்து லோயர் கேம்ப் வருவதற்குள் அந்தப் பதில் எனக்கே ஒப்பாமல் போய்விடுகிறது.

செவலையைக் குட்டியாக மலைக்குக் கொண்டுவந்ததே ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்பில்தான். நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களின் கால்களுக்கு நடுவே, சாக்குக்குள். வழி நெடுக வாந்தி. குட்டிகளுக்கு உட்காதின் சமநிலை உறுப்பு முழுதாக முதிர்ந்திருக்காது. உடம்பு ஆடுகிறது என்று காது சொல்லும், முன்னால் இருக்கும் சாக்கு அசையவில்லை என்று கண் சொல்லும். குமட்டல் அங்கே பிறக்கிறது. ஒரு வயதுவாக்கில் பல நாய்களுக்கு இது தானாகவே நின்றுவிடும். அதோடு சேர்ந்து பதிந்த பயம் அப்படி நிற்பதில்லை. டீசல் வாசனை வந்தாலே செவலை உதட்டை நக்குவான், கொட்டாவி விடுவான். தூக்கம் வருகிறது போல என்பார்கள். அது தூக்கமில்லை, பதற்றம். அடுத்துக் கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி முன்னங்காலை நனைக்கும்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் காவல் வேலை முடிந்து, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு உத்தமபாளையம் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போவதாக இருந்தார்கள். "மயக்க ஊசி ஒன்று போட்டுவிடுங்கள், தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம்" என்றுதான் அந்த அம்மா முதலில் வந்தார். நான் மறுத்தேன். இன்றும் மறுப்பேன். பல இடங்களில் இதற்குக் கொடுக்கும் அசிபுரோமசின் உடம்பை அடக்குமே தவிர, பயத்தை அடக்கும் என்று நம்ப முடியாது. அசைய முடியாமல் கிடக்கும் நாய் உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கலாம். சத்தத்துக்கு இன்னும் அதிகமாகத் திடுக்கிடவும் செய்யலாம். பார்க்கிறவர்களுக்குத்தான் அது நிம்மதி.

அதனால் மெதுவான வழியைச் சொன்னேன். மருமகனின் ஜீப் சாயங்காலம் வந்து நின்றதும், என்ஜினை அணைத்துவிட்டு, கஞ்சித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பது. அவன் பதறாமல் தின்றால் அடுத்த முறை இன்னும் கிட்டே. பிறகு பின்படியில். பிறகு உள்ளே. உள்ளே தின்னப் பழகிய பிறகுதான் என்ஜின் சத்தம். அதற்கும் பிறகுதான் வண்டி உருளுவது. உதட்டை நக்கினால் ஒரு படி பின்வாங்க வேண்டும். இழுக்கக் கூடாது, தூக்கி ஏற்றக் கூடாது. அந்த அம்மா ஒன்றையும் பிசகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது செவலை முன்னங்கால்களைப் பின்படியில் ஊன்றி, வாலைத் தளர்த்தி, தட்டை வழித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான், லயத்துக்கு வேறு குடும்பம் வருகிறது, முன்னதாகவே காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், பழக்கி நானே கொண்டுவந்து சேர்க்கிறேன் என்றேன். பாதியில் கட்டாயப்படுத்தினால் இதுவரை பட்ட பாடு வீண் என்றும் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

நான் சொன்னதில் தவறில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பயத்தோடு போகும் ஒரு பயணம், முன்பிருந்த பயத்தை இரட்டிப்பாக்கிவிடக்கூடும். ஆனால் பழகிய வீடு காலியாகி, பழகிய கைகள் இல்லாமல், மருந்து நெடியடிக்கும் என் இடத்தில் அவன் கிடந்திருந்தால் அது மட்டும் பயமில்லையா? இரண்டில் எது பெரிது என்று நான் படித்த பாடம் எதுவும் எடைபோட்டுச் சொல்லவில்லை. அந்த அம்மா எடைபோட்டுவிட்டார்.

கடைசியில் குமட்டலுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரைகள் கொடுத்தேன். முன்கூட்டியே ஒருமுறை கொடுத்து எப்படி இருக்கிறான் என்று பார்க்கச் சொன்னேன். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே சோறு வேண்டாம், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், அந்த அம்மாவின் பழைய சேலையைக் கீழே விரியுங்கள், வளைவுகளில் வேகம் வேண்டாம் என்றேன். இருவர் தூக்கித்தான் ஏற்றினார்கள். தகரத் தளத்தில் அவன் நகங்கள் கீறிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது, தடுக்காமல் வேறு எதற்கு அங்கே நிற்கிறேன் என்றும் தோன்றியது.

"வந்து சேர்ந்துவிட்டான், வாந்தி எடுக்கவில்லை, மடியில் தலை வைத்தே வந்தான்" என்று போனில் சொன்னார். நடுங்கினானா என்று கேட்டேன். "நடுங்கினான், நானும் பிடித்துக்கொண்டே வந்தேன்" என்றார்.

இப்போது ஊரில் எந்த ஜீப் நின்றாலும் எதிர்த் திண்ணைக்குப் போய்விடுகிறானாம். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறான், வாசலில் காவல் இருக்கிறான், பேரப்பிள்ளைகளோடு தோட்டம்வரை ஓடுகிறான். இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த அம்மாவுக்கு இதில் குறையே இல்லை. எனக்கு அந்த எதிர்த் திண்ணை உறுத்துகிறது.

வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாள் நெருங்குகிறது. அவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம் என்பதால், நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போகும்போது என் காரை வாசலில் நிறுத்துவதா, தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து போவதா என்று கேட்டேன். "வாசலிலேயே நிறுத்துங்கள், கஞ்சி எடுத்து வைக்கிறேன்" என்றார்.