எங்க அப்பாவுக்கு அப்படித்தான் சார்

அந்தப் பிள்ளை சொன்னது இந்த ஒரே வாக்கியம்தான். இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். சரிதான். ஆனாலும் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வண்டியிலிருந்து இறங்கும் ஆட்களின் வாயையும் தாடையையும் பார்த்துக்கொண்டே நிற்கிறேனே, அதற்கு என்ன சொல்ல.

எட்டாம் வகுப்பு, என் ஓவியப் பாடம். தலை வரைய ஆரம்பித்து மூன்றாவது வாரம். முட்டை வடிவம், நடுவில் ஒரு நெட்டுக்கோடு, உயரத்தில் சரிபாதியில் கண். பாதியில் கண் என்றால் எந்தப் பிள்ளையும் நம்பாது. நெற்றியில் பார்க்க என்ன இருக்கிறது என்று அதைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடும். தலையின் அகலம் ஐந்து கண், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், அங்கிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து மோவாய், மூன்றும் ஒரே அளவு. நம் சிற்பிகள் கணக்கிலும் இதேதான்: முகத்தைப் போல ஒன்பது மடங்கு உயரமுள்ள நவதாலச் சிலைக்கு உயரம் 108 அங்குலம், அதில் முகம் 12, அதையும் நான்கு நான்காக மூன்று பங்கு (இது இஞ்ச் இல்லை, சிலைக்குச் சிலை மாறுகிற அங்குலம்). ஆக, நானாக இட்டுக்கட்டிய ரூல் இல்லை.

அவள் தாளில் கண் சரியாகப் பாதியில் இருந்தது. அதுவே பெரிய விஷயம். ஆனால் வாயின் ஒரு முனை ஒரு நெல்மணி அளவு இறங்கியிருந்தது, அந்தப் பக்கத் தாடையும் கூடவே. நடுக்கோட்டில் தாளை மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இரண்டு பாதியும் பொருந்தவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னாள்.

"முதல்ல ரூல் வரட்டும்மா, அப்பா அப்புறம் வரட்டும்" என்றேன். வகுப்பு சிரித்தது. ரப்பரை எடுத்து நானே அழித்து, நானே வாயை நேராக்கிக் கொடுத்தேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தப்பாக விழுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். எங்க மாமா மூக்கு அப்படித்தான் சார், எங்க ஆயா காது அப்படித்தான் சார். இத்தனை வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் கை தவறினால் வாய் மட்டும்தான் சரியும், தாடையும் மூக்கோரத்து மடிப்பும் சேர்ந்தா சரியும்? அந்த மடிப்பையும் அழித்தேன். அது அப்போதே என் கண்ணில் பட்டதா, இல்லை இப்போது நானே சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. யாருடைய முகமும் மடித்தால் பொருந்தாது; ஷேவ் செய்யும்போது தினமும் பார்க்கிறேன், என் வலது புருவமே மேலே தூக்கித்தான் இருக்கிறது.

அப்பா ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் ஒரு முறைதான் வருவார் என்று வகுப்பாசிரியர் பிறகு சொன்னார். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாதான் வந்தார். உங்க வீட்டுக்காரருக்கு வாய் கோணலா என்று எப்படிக் கேட்பது? மார்க்கைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டேன்.

அவள் நன்றாகத்தான் வரைகிறாள். இப்போது மடித்தால் அச்சாகப் பொருந்துகிறது, மற்றவர்களுக்கு அவள் தாளைத்தான் தூக்கிக் காட்டுகிறேன். எல்லாம் ஒரே முகம், யாருடையதும் இல்லை. அடுத்த வருஷமும் பாதியில் கண் என்றுதான் தொடங்குவேன், வேறு வழி எனக்குத் தெரியாது. ரப்பரை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கிறேன், நேரம் இருக்கிற நாளில்.

அந்தத் தாளை அவள் வாங்கிப் போகவில்லை, என் அலமாரியில் கிடக்கிறது. அழுத்தி வரைகிற பிள்ளை. சாய்த்துப் பிடித்தால் என் கோட்டுக்குக் கீழே அவள் கோட்டின் பள்ளம் தெரியும். போன வாரம் பென்சிலைப் படுக்கவைத்து மேலாகத் தேய்த்தேன். கருப்புக்கு நடுவில் அந்த வாயோரம் வெள்ளையாக வந்தது, பிறகு தாடை. மூக்கோரத்து மடிப்பு இருந்த இடத்துக்குப் போகும் முன் பெல் அடித்துவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தாளை நான் எடுக்கவில்லை.