லக்சரில் மலிவாகச் சாப்பிட ஒரு தெரு உள்ளே போங்கள்

லக்சரில் நைல் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட ஆசை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் பில்லில் அந்த ஆற்றையும் சேர்த்துவிடுவார்கள். கரையோரக் கடை ஒன்றில் உட்கார்ந்து மெனுவைத் திறந்தோம், முதல் பக்கம் முழுக்க பீட்சாவும் ஸ்பகெட்டியும். இதற்கா எகிப்து வந்தோம் என்று எழுந்துவிட்டோம். லக்சர் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயில் நிலையப் பக்கமாக நடக்க நடக்க, குதிரை வண்டிக்காரர்களின் 'ஹலோ மை ஃப்ரெண்ட்' மெல்லக் குறைந்து எண்ணெய்ச் சட்டி வாசனை தொடங்கியது.

நாங்கள் நுழைந்த கடையில் நாலைந்து மேசைகள்தான். டிவியில் அல் அஹ்லி கால்பந்து அணி ஆடிக்கொண்டிருந்ததால், ஆர்டர் எடுக்க வந்தவர் ஒரு கண்ணை அங்கேயே வைத்திருந்தார். இந்தியா என்றதும் மட்டும் முழுதாகத் திரும்பி "அமிதாப் பச்சன்!" என்றார். எகிப்தில் இது நமக்குக் கிடைக்கும் இலவச விசா மாதிரி.

கேட்காமலேயே ரொட்டி, எள்ளரைத்த தஹினா, ஊறுகாய்க் காய்கள் வந்துவிட்டன. சில கடைகளில் இதற்கும் காசு, முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரொட்டி அய்ஷ் ஷம்ஸி, தெற்கு எகிப்துக்கே உரியது. மாவை வெயிலில் வைத்துப் பொங்கவிட்டுச் சுடுவார்கள், மற்ற ஊர்களின் தட்டை ரொட்டிபோல இல்லாமல் கனமாக, உள்ளே பஞ்சாக இருக்கும். ரொட்டி விஷயத்தில் இந்த நாடு ரொம்பவே உணர்ச்சிவசப்படும். 1977-இல் மானியத்தில் கைவைத்த அதிபர் சாதாத்தின் அரசு, கலவரம் வெடித்ததும் இரண்டே நாளில் பின்வாங்கியது. மானிய ரொட்டி பல வருடங்கள் 5 பியாஸ்தரிலேயே (100 பியாஸ்தர் ஒரு எகிப்திய பவுண்டு) நின்று, 2024 ஜூனில்தான் 20 ஆனது.

அப்புறம் மொலொகியா. சணல் இனத்துக் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி கோழிச் சாற்றில் கொதிக்கவிட்டு, பூண்டையும் மல்லிப் பொடியையும் நெய்யில் பொரித்துச் சுடச்சுட அதன் மேல் கொட்டுகிறார்கள். அந்த நேரத்தில் சமைப்பவர் சத்தமாக ஒருமுறை மூச்சை உள்ளிழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ருசி வராது என்பது எகிப்தியப் பாட்டிமார் சட்டம். உள்ளே அப்படிச் செய்தார்களா என்று கேட்டதற்கு, கோல் விழப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார். கீரை வழவழவென்று இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குச் சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டதும் அந்தக் கிண்ணத்தை விட மனசே வரவில்லை.

என் மனைவி சைவம். அவளுக்காகத்தான் இந்தத் தகவலைத் தேடிப் பிடித்தேன்: 'ஸியாமி', அதாவது நோன்புச் சாப்பாடு, என்று கேளுங்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் 200 நாளுக்கும் மேல் நோன்பிருப்பவர்கள், அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதனால் கடைக்காரருக்கு உடனே புரிந்துவிடுகிறது. நோன்பில் சில சமயம் மீனுக்கு அனுமதி உண்டு, அதை மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு மண்சட்டியில் வெந்த காய்கறியும் தாமியாவும் வந்தன. தாமியா என்பது எகிப்தின் ஃபலாஃபெல், ஆனால் கொண்டைக்கடலை இல்லை, ஃபாவா என்கிற அவரையை ஊறவைத்து கீரை, மல்லியோடு அரைத்தது. பிட்டால் உள்ளே பச்சைப் பசேல். லெபனான் ஃபலாஃபெலைவிட இது மேல் என்பது எங்கள் வீட்டின் ஏகமனதான தீர்ப்பு.

பில் அரபு எண்களில் வந்தது. வட்டமாக இருப்பது 5, சுழியம் வெறும் புள்ளி, நம் 7 போலத் தெரிவது 6. இது தெரியாமல் போனால் தலை சுற்றும். ரசீதுப் புத்தகம் வைத்த பெரிய உணவகங்களில் 12% சேவைக் கட்டணமும் 14% வாட் வரியும் தனியாக ஏறும், இங்கே அதெல்லாம் இல்லை. கர்கதே என்கிற செம்பருத்தி வகைப் பானம் உட்பட, இருவருக்கும் 400 பவுண்டுக்குள் முடிந்தது.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். கையில் சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள். எல்லாமே 200 பவுண்டாக நீட்டினால் பையன் மாற்றிவரப் பக்கத்துக் கடைக்கு ஓடுவான், அவன் திரும்பும்வரை நீங்கள் இன்னொரு புதினா டீ சொல்லியாக வேண்டும்.