சிறிய களம், அகலமான வாசல்

2012 கோடையில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி நெட்வொர்க் ஒரு முடிவெடுத்தது: இனி நிறையப் பேரை இழுக்கும் நகைச்சுவைத் தொடர்கள்தான் வேண்டும். அங்கே ஓடிய '30 ராக்', 'கம்யூனிட்டி', 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' மூன்றையும் விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பார்க்கிற கூட்டம்தான் சேரவில்லை. அந்த ஆண்டே 'கோ ஆன்', 'தி நியூ நார்மல்', 'கைஸ் வித் கிட்ஸ்', 'அனிமல் பிராக்டிஸ்' ஆகியவை வந்தன. கால்நடை மருத்துவமனையும் ஒரு குரங்கும் கொண்ட 'அனிமல் பிராக்டிஸ்' தொடரை ஒலிம்பிக் நிறைவு விழா ஒளிபரப்புக்கு இடையிலேயே முன்னோட்டமாகக் காட்டினார்கள். அக்டோபரிலேயே அதற்கு மூடுவிழா. மற்ற மூன்றும் ஒரு சீசனைத் தாண்டவில்லை.

பொதுரசனை எடுபடாது என்பதா இதற்குப் பொருள்? இல்லை. அதே காலத்தில் போட்டி நெட்வொர்க்கான சிபிஎஸ்ஸில் 'தி பிக் பேங் தியரி' ஓஹோவென்று ஓடியது. 2007 முதல் 2019 வரை 12 சீசன், 279 எபிசோடு. அதன் நாயகர்கள் இயற்பியல் ஆய்வாளர்கள். களத்தைப் பார்த்தால் அதைவிடக் குறுகலான தொடர் கிடையாது. ஆனால் சிரிப்பு சமன்பாட்டிலிருந்து வரவில்லை. பெண்ணிடம் பேசத் தெரியாத தயக்கத்திலிருந்தும் சோபாவில் தன் இடத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதத்திலிருந்தும் வந்தது. எதிர்வீட்டுப் பென்னிக்கும் இயற்பியல் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. அவள்தான் வாசல்.

என் நிலைப்பாடு இதுதான்: விளம்பரத்தை நம்பி ஓடும் நெட்வொர்க் பரந்த கூட்டத்தைத்தான் குறிவைக்க வேண்டும். ஆனால் அந்த அகலத்தைச் சிரிப்பில் தேட வேண்டும், களத்தில் தேடக்கூடாது. 'எல்லாருக்கும் பொதுவான குடும்பம், பொதுவான அலுவலகம்' என்று தொடங்கினால் எழுத்தாளருக்குக் கையில் பிடிக்க எதுவும் இருக்காது. நான்காவது எபிசோடிலேயே பாத்திரங்கள் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பைலட், அதாவது முதல் சோதனை எபிசோடின் ஸ்கிரிப்ட்டை எடுத்து, முன்பே ஏதாவது தெரிந்திருந்தால்தான் புரியும் என்கிற நகைச்சுவையை எல்லாம் அடிக்கோடிடுங்கள். அந்த விஷயம் தெரியாதவருக்கும் பாத்திரத்தின் தவிப்பு மட்டுமே சிரிப்பு தருமானால் இருக்கட்டும். தராவிட்டால் அது அலங்காரம். விளம்பரம் போக அரை மணி நேரத்தில் கிடைப்பது 21, 22 நிமிடம். அதில் அலங்காரம் பாதியானால் புதிதாக வருபவர் உள்ளே வரவே முடியாது.

அரங்கில் பார்வையாளரை உட்காரவைத்து, பல கேமராவில் ஒரே நேரத்தில் எடுக்கும் பல கேமரா முறையில் இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடுகிறது. ஐந்து நாள் வேலை: முதல் நாள் மேசை வாசிப்பு, பிறகு ஒத்திகையும் திருத்தமும், அடுத்துக் கேமரா நிலைகள், கடைசி நாள் பார்வையாளர் முன்னால் படப்பிடிப்பு. அரங்கம் சிரிக்காத வசனத்தை எழுத்தாளர்கள் அங்கேயே மாற்றி மறுபடி எடுப்பார்கள். பார்வையாளர் இல்லாமல் எடுக்கும் ஒற்றைக் கேமராத் தொடருக்கு அந்தக் காது கிடையாது. நகைச்சுவை தங்களுக்குள்ளேயே சுருங்குவது எழுத்தறைக்குத் தெரியாமலே போகும். தனிரசனைத் தொடர்கள் பெரும்பாலும் இந்த முறையில் வருவதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. தொடரின் உண்மையான லாபம் மற்ற நிலையங்களுக்கு விற்கும் மறுஒளிபரப்பு உரிமையில் இருந்தது; அதற்கு ஏறக்குறைய 100 எபிசோடு சேர வேண்டியிருந்தது. வாரம் ஐந்து நாள் ஓடும் மறுஒளிபரப்பில் வரிசை தெரியாமல் நடுவில் நுழைபவர்தான் அதிகம். முந்தைய எபிசோடுகளை நினைவில் வைத்தால் மட்டுமே சிரிப்பு வரும் 'அரெஸ்டெட் டெவலப்மெண்ட்' 2004இல் எம்மி விருது வாங்கியும் ஃபாக்ஸ் நெட்வொர்க்கில் 53 எபிசோடோடு நின்றது. வரிசையாகப் பார்க்க வைக்கும் ஸ்ட்ரீமிங் வந்த பிறகு இந்தத் தடை தளர்ந்தது. அதே தொடரை 2013இல் நெட்ஃபிளிக்ஸ் மறுபடி எடுத்தது.

ஓடிக்கொண்டிருக்கும் தொடரை அகலப்படுத்துவதில்தான் பெரிய சேதம் நடக்கிறது. 'கம்யூனிட்டி'யை உருவாக்கிய டான் ஹார்மனை மூன்றாம் சீசனுக்குப் பிறகு நீக்கினார்கள். நான்காம் சீசனில் புதுக்கூட்டமும் வரவில்லை, பழைய ரசிகர்களுக்கும் வருத்தம். ஐந்தாம் சீசனுக்கு அவரையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 'தி ஆஃபீஸ்' செய்ததே சரியான திருத்தம். 2005இல் முதல் சீசன் ஆறே எபிசோடு. மேலாளர் மைக்கேல் ஸ்காட் சகிக்க முடியாதவராக இருந்தார். இரண்டாம் சீசனில் அவருக்குக் கொஞ்சம் பரிதாபத்தையும் எப்போதாவது தலைகாட்டும் திறமையையும் கொடுத்தார்கள். கதை நடக்கும் ஸ்க்ரான்டன் காகிதக் கம்பெனியைத் தொடவில்லை. வாசலை மட்டும் இடித்துப் பெரிதாக்கினார்கள்.

அடுத்தது நேர ஒதுக்கீடு. 'சைன்ஃபெல்ட்' 1989 ஜூலையில் பைலட்டாக வந்தது, சோதனைப் பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை, அடுத்து நான்கே எபிசோடுக்கு அனுமதி. 1993 தொடக்கத்தில் அதை வியாழன் இரவு 'சியர்ஸ்'க்கு அடுத்த 9.30 மணிக்கு வைத்தபோதுதான் பெரும் கூட்டம் வந்தது. அந்த 'சியர்ஸ்'கூட 1982இல் முதல் சீசனில் ரேட்டிங்கின் அடிமட்டத்தில் கிடந்த தொடர்தான்.

எனவே குறுகிய களம் கொண்ட தொடரைப் பலமான தொடருக்குப் பின்னால் போடுங்கள், 13 எபிசோடு வரை நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். முதல் கால் மணியில் முந்தைய தொடரின் கூட்டம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். வாராவாரம் அந்தப் பங்கு ஏறினால், மொத்த எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் 22 எபிசோடு கொண்ட முழு சீசனின் மீதி ஒன்பது எபிசோடுக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள்.