மரம் ஒருவருக்கு, மண் ஒருவருக்கு

கிழக்கு இந்தோனேசியாவில், மலுகு மாகாணத்தின் ஹருகு தீவில் நில உரிமை வரைபடம் தயாரிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். ஊர் எல்லையையும் தோட்ட எல்லையையும் ஜிபிஎஸ் கருவியில் குறித்து, விவரத்தைப் படிவத்தில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ‘உரிமையாளர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்பதுதான் அங்கே என் வேலை முழுவதும் என்று போன பிறகுதான் தெரிந்தது.

முதலில் போகிற வழி. அம்போன் நகரிலிருந்து துலேஹு துறைமுகம் வரை ஷேர் வேன். அங்கிருந்து ஸ்பீட்போட். குறித்த நேரம் என்று எதுவும் கிடையாது, ஆள் நிறைந்தால் கிளம்பும். அரிசி மூட்டை, முட்டை அட்டை, சிமெண்ட், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே படகில். தீவின் கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கருவிப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இந்தோனேசியாவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை என்றால், அம்போன் பக்கம் மே முதல் ஆகஸ்ட் வரைதான் அடைமழை. தென்கிழக்குக் காற்றும் அப்போதுதான் வீசும். அந்த மாதங்களில் படகுக்காரர் காலையில் கடலைப் பார்த்துவிட்டுத்தான் வரலாமா வேண்டாமா என்று சொல்வார். அவர் வேண்டாம் என்றால் யாரும் வாதாட மாட்டார்கள்.

இதில் ஊர்க்காரர்களின் அலைச்சல்தான் பெரிது. ஹருகு தீவு மத்திய மலுகு மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் மசோஹி இருப்பது பக்கத்து செராம் தீவில். பட்டா விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் ஹருகுவிலிருந்து துலேஹு, அங்கிருந்து இன்னொரு கப்பலில் அமஹாய், பிறகு சாலை வழியாக மசோஹி. அதிகாரி அன்றைக்கு இல்லாவிட்டால் அங்கேயே ராத்தங்கல். இந்தச் செலவைக் கணக்குப் பார்த்தால், பலர் காகிதமே வேண்டாம் என்று இருந்துவிடுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நிலம் அங்கே தனி ஆளின் பெயரில் இருப்பது குறைவு. ‘தாத்தி’ என்ற முறையில், தோட்டம் ஒரு குடும்பக் கிளைக்குப் பொதுவாக இருக்கும். 1814-ல், அந்தப் பகுதி கொஞ்ச காலம் ஆங்கிலேயர் கையில் இருந்தபோது எழுதப்பட்ட தாத்திப் பதிவேட்டை இன்றும் அம்போன் பக்கத்து நில வழக்குகளில் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நம் ஊர்க் கூட்டுப் பட்டா மாதிரி என்று முதலில் நினைத்தேன். ஆனால் இது அதோடு நிற்பதில்லை.

ஒரு முதியவரோடு கிராம்புத் தோப்பின் எல்லையை நடந்து பார்த்தேன். எல்லோரையும் போல நானும் அவரை ‘தேத்தே’ என்றுதான் கூப்பிட்டேன், தாத்தா என்று அர்த்தம். இலை அடர்த்தியில் ஜிபிஎஸ் பத்து மீட்டர் வரை தள்ளித் தள்ளிக் காட்டியது. அவரோ கருவியைப் பார்க்கவே இல்லை. ஒரு பெரிய கெனாரி மரத்தைத் தொட்டு, “இதுதான் மூலை” என்றார். அப்புறம் ஒவ்வொரு கிராம்பு மரமாகக் கத்தி நுனியால் காட்டிக்கொண்டே வந்தார். இந்த வரிசை அவருடைய அப்பா நட்டது. அந்த மூன்று மரங்கள் மச்சினன் வீட்டினர் அனுமதி கேட்டு நட்டவை. மண் இவர்கள் குடும்பத்துக்கு, அந்த மூன்று மரத்து மொட்டு மட்டும் அவர்களுக்கு. ஓடை ஓரத்துச் சாகோ பனை இன்னொரு கிளைக்கு. “அவர்கள் பிள்ளைகள் ஹாலந்தில் இருக்கிறார்கள், வந்தால் பங்கு உண்டு” என்றார். 1951-ல் டச்சு ராணுவத்தில் இருந்த மலுகுக்காரர்களும் குடும்பத்தினருமாகச் சுமார் 12,500 பேர் நெதர்லாந்துக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பங்கு இந்த ஓடை ஓரத்தில் இன்னும் நினைவில் நிற்கிறது.

சரி, இதில் உரிமையாளர் யார்?

மண்ணும் மரமும் போதாதென்று, பருவத்துக்கும் உரிமை உண்டு. ஹருகு ஊரில் லெயாரிசா கயேலி என்ற ஆற்றுக்குள் லொம்பா மீன் கூட்டமாக ஏறி வரும். நம் கடற்கரையில் பொருவா என்கிறோமே, அந்த இனம். குஞ்சுகள் கரையோரம் தென்பட்டதுமே ‘சாசி’ என்ற தடை போட்டுவிடுவார்கள். பிறகு பல மாதங்களுக்கு அதை யாரும் பிடிக்கக் கூடாது. காவல் பார்ப்பது ‘கெவாங்’ என்ற ஊர்க் காவலர் அமைப்பு. தடை திறக்கும் நாளில் ஊர் முழுவதும் வலையோடு ஆற்றில் இறங்குகிறது, பக்கத்து ஊர்க்காரர்களும் வருகிறார்கள். விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பங்கு ஒதுக்குகிறார்கள். இந்தக் காவலுக்காக 1985-ல் இந்தோனேசிய அரசு ஹருகு கெவாங்குக்கு கல்பதரு விருது கொடுத்தது. தீவின் வடக்கே கைலோலோ ஊரில், மாமுவா என்ற பறவை இரவில் கடற்கரை மணலைத் தோண்டி முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். அந்த மணல் ஊருக்குப் பொது. முட்டை எடுக்கும் உரிமையை மட்டும் வருஷா வருஷம் ஏலம் விடுகிறார்கள்.

இதையெல்லாம் பழைய வழக்கம் என்று ஒதுக்க முடியாது. 1960-ன் அடிப்படை நிலச் சட்டமே மரபுச் சமூகங்களின் நில உரிமையை மூன்றாம் பிரிவில் ஏற்றுக்கொள்கிறது. முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும் என்பது அதே சட்டத்தின் 21-ம் பிரிவு. உள்ளூர்க்காரர் பெயரில் ஒரு கடற்கரை மனை வாங்கிப் போடலாமா என்று அம்போனில் என்னிடம் விசாரித்த வெளிநாட்டவர்கள் உண்டு. முழு உடைமையை அப்படிச் சுற்றி வளைத்து வெளிநாட்டவருக்கு மாற்றினால் மாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணமும் திரும்பாது. 26-ம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

2017-லிருந்து அரசு நாடு முழுக்க நிலங்களைத் திரளாகப் பதிவு செய்து சான்றிதழ் கொடுத்து வருகிறது. நான் அதற்கு எதிரி இல்லை. சான்றிதழை வைத்து வங்கியில் கடன் வாங்கி வீட்டுக்குக் கூரை மாற்றியவர்களைத் தெரியும். வீட்டு மனைக்கு அது நல்லது. ஆனால் தாத்தித் தோப்புக்கு ஒரே பெயரில் சான்றிதழ் கொடுத்தால், மரம் நட்டவனுக்கும் ஹாலந்துப் பேரனுக்கும் காகிதத்தில் இடம் இல்லாமல் போகும். அடுத்த தலைமுறையில் பெயர் இருப்பவன் விற்றுவிட்டால் கேட்க நாதி இல்லை. அதே சமயம் மரபு முறையிலும் குறை இருக்கிறது. தாத்திப் பங்கு ஆண் வழியில் போகிறது, கல்யாணமாகிப் போகும் மகளுக்கு அது விட்டுப்போகிறது. இதைப் பற்றி அங்கே பெண்களிடம் பேசினேன். வயதானவர்கள் சகஜமாக எடுத்துக்கொண்டார்கள், இளம் பெண்களுக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடைசியில் படிவத்தோடு ஒரு தனி அட்டவணை சேர்த்தோம். மண் யாருக்கு, மரம் யாருக்கு, எந்தப் பருவத்தில் யாருக்கு, ஊரில் இல்லாத பங்காளிகள் யார் என்று நான்கு பத்தி. தரவுத் தளத்தில் இதற்கு இடமில்லை என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். அவர்களோடு நிறைய வாதாட வேண்டியிருந்தது. ‘குறிப்பு’ என்ற பகுதியில் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். ஒரு பிரதியை ஊர் ராஜாவின் (அங்கே ஊர்த் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்) அலுவலகத்திலேயே வைத்துவிட்டோம். வழக்கு என்று வந்தால் அவர்கள் முதலில் தேடப்போவது அந்தப் பிரதியைத்தான்.

அந்தப் பக்கம் அளவை வேலைக்குப் போகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் போங்கள், கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். தோட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லையைக் கேட்காதீர்கள். எந்த மரத்தை யார் நட்டார்கள் என்று கேளுங்கள். எல்லை தானாக வந்துவிடும்.