மெழுகுக் கால் வேண்டாம் என்றார் அத்தை

தாராவியில் எங்கள் சந்தில் யார் யார் பாந்த்ரா மலைமேல் இருக்கும் மவுண்ட் மேரி மாதாவுக்கு என்ன நேர்ந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வேண்டுவதன் உருவத்தை மெழுகில் வாங்கி வைப்பது அங்கே வழக்கம். மெழுகு வீடு வைத்து வாடகை ரூமில் இருந்து சொந்த ரூமுக்குப் போனவர்கள் உண்டு. மெழுகுப் பிள்ளை வைத்து, மறுவருடம் கைப்பிள்ளையோடு மலை ஏறியவர்கள் உண்டு. மெழுகு விமானம் வைத்துக் குவைத்துக்குப் போன தம்பி ஒருவன், அங்கே கம்பெனியை மூடியதும், "மாதாவே, திரும்பி வர டிக்கெட்டும் நீயே பாத்துக்க" என்று போனில் அழுததை இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

அத்தைக்குத் தவக்காலத்தில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது. கையும் காலும்தான் வரவில்லை. பிசியோதெரபிக்கு வந்த பெண் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். அத்தை ஜெபமாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். மழைக்காலம் பிறந்து, நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல்படி வரை அவர் தானாக வந்து நின்ற அன்று சந்தே கூடிவிட்டது. மெழுகுக் கால் ஒன்று, மெழுகுக் கை ஒன்று என்று நாங்களே கணக்குப் போட்டுவிட்டோம்.

"காலு கடையில தொங்குது. அத வாங்கி வச்சி அவ என்னட்டி செய்யப் போறா?" என்றார் அத்தை. "இந்தக் காலு நடந்தா, மலை ஏறி வாரவங்களுக்கு அங்கன இருந்து தண்ணி ஊத்துதேன்னு நேந்திருக்கேன்."

இப்படி ஒரு நேர்ச்சையை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அத்தையைத் தெரிந்தவர்களுக்கு ஆச்சரியம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் இருந்து வேளாங்கண்ணிக்குக் காவிச் சேலை உடுத்தி நடந்தவர் அவர். கடற்கரைச் சாலையில், தொண்டிப் பக்கம், காலில் கொப்புளம் உடைந்து உட்கார்ந்துவிட்டபோது ஒரு பாய் வீட்டு அம்மா செம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்ததோடு, காலையும் கழுவிவிட்டாராம். வேளாங்கண்ணியில் என்ன வேண்டினோம் என்பது மறந்துவிட்டது, அந்த மோரில் கிடந்த கறிவேப்பிலை மறக்கவில்லை என்பார்.

மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8. அதை அடுத்து வரும் ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் மவுண்ட் மேரி திருவிழா. மும்பைக்காரர்கள் பாந்த்ரா ஃபேர் என்பார்கள். வியாழக்கிழமை போகலாம், கூட்டம் குறைவாக இருக்கும் என்றேன். புதன் வேண்டாம், மாகிம் கோயிலில் புதன்தோறும் நடக்கும் நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்தில் டாக்சி நகராது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட்டம் இல்லாத அன்னைக்குப் போயி யாருக்குட்டி தண்ணி ஊத்த?"

ஆக, ஞாயிறு.

எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில், சொன்னதும் தண்ணீர் கேன், பேப்பர் கப், மடக்கு மேசை எல்லாம் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். இடம்தான் சிக்கல். திருவிழா வாரத்தில் அந்த மலைச்சாலையில் ஒரு முழம் இடம் சும்மா கிடைக்காது. மூன்றாம் வீட்டு அக்கா அங்கே ஒரு ஈஸ்ட் இந்தியன் (மும்பையின் பூர்வீகக் கத்தோலிக்கர்) குடும்பத்தில் பல வருடமாகச் சமையல் வேலை செய்கிறார். அந்த வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டார். "கேட்டுக்குள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள், ஆனால் குப்பை ஒன்று கிடக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் அவர். மாதா செய்த முதல் உபகாரம் அது.

ஹில் ரோட்டோடு போலீஸ் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடைதான். நாங்கள் இறங்கிய நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் கணவர், நடுவில் ஊன்றுகோலோடு அத்தை. சாதாரண நாளில் பேசிக்கொண்டே ஏறிவிடும் மேடுதான். அன்று விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நின்று ஏறினோம். நின்ற இடத்தில் எல்லாம் மெழுகு விற்பவர்கள். அதிலும் அத்தையின் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டால் விடுவார்களா? "மாஜி, பைர்! பைர் லே லோ!" என்று மெழுகுக் காலை மூக்குக்கு நேரே ஆட்டுகிறான் ஒருவன். இன்னொருவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, கிட்னி இருக்கிறது, இதயம் இருக்கிறது, எதில் நோவு என்று கேட்கிறான். வயிற்றுப்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் காது கிழியக் கத்தி, வியாதிக்காரர்களை வழிமறித்தா விற்க வேண்டும்? இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "வரிசை வேண்டாம், ஆளுக்கு இருநூறு கொடுங்கள், நேராக உள்ளே" என்று காதோரம் வந்து கிசுகிசுத்த ஆளை என்ன செய்வது! என் கணவர் முறைத்ததும் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

பத்து மணிக்கு மேசை போட்டோம். என் மகன் அட்டையில் ஒரு வசனம் எழுதிக்கொண்டு வந்திருந்தான்: 'தாகமாய் இருந்தேன், என் தாகத்தைத் தணித்தீர்கள்.' அழகான கையெழுத்து. அத்தை அதைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். "குடிக்க வாரவனுக்கு எதுக்குல போர்டு? தண்ணிய வையி." பின்பக்கத்தில் இந்தியில் 'பானி' என்று மட்டும் எழுதி மாட்டினான். அதற்குப் பிறகுதான் ஆட்கள் நின்றார்கள்.

எத்தனை பேர் குடித்தார்கள் என்று எண்ணவில்லை. தோளில் தூங்கும் பிள்ளையோடு வந்த அப்பாக்கள், கல்யாணப் பட்டோடு வந்த புதுஜோடி, தாராவியில் இருந்து விடியுமுன் நடந்தே வந்த எங்கள் பக்கத்துப் பையன்கள், கையில் மெழுகு வீட்டைக் குடைக்குள் பத்திரமாகப் பிடித்துத் தான் நனைந்து வந்த ஒரு பெரியவர், பொட்டு வைத்த குஜராத்தி அம்மாக்கள். மும்பையில் இந்த மாதாவிடம் வராத சாதி மதம் எது? ஒரு சிறு பெண் மோர் இருக்கிறதா என்று தமிழில் கேட்டாள். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். நான் கேனைச் சாய்ப்பதும், கப் அடுக்குவதும், மேடு ஏறத் தடுமாறும் கிழவிகளைக் கைப்பிடித்து அடுத்த திருப்பம் வரை விட்டுவருவதுமாக இருந்தேன். மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போயிருக்க வேண்டும். ஏனோ இல்லை. ஒவ்வொருவரை விட்டுவிட்டு இறங்கும்போதும் ஒரு சிரிப்பு தானாக வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தால் அவர் முகத்திலும் அதே. வீட்டில் ஒரு கப் கழுவி வைக்காத மனிதர், அங்கே தெருவில் குனிந்து கசங்கிய கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் ஜக்கில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி கப்பில், பாதி மேசையில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணி இருக்கும். ஒரு கோளி ஆயி, மும்பையின் பூர்வீக மீனவக் குலத்து அம்மா, வந்தார். அத்தை வயதுதான். கச்சம் வைத்துக் கட்டிய சேலை, கொண்டையில் பூ, வெறுங்கால். அவர் கையில் ஒரு மெழுகுக் கை இருந்தது. அத்தை அந்த மெழுகுக் கையைப் பார்த்தார். பிறகு ஜக்கை வலது கைக்கு மாற்றினார். நான் எட்டிப் பிடிக்கப் போனேன். "நீ சும்மா இரி" என்றார். ஜக் தூக்கியவுடனே ஆட ஆரம்பித்தது. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி வளைந்தனவே தவிர இறுகவில்லை. தண்ணீர் மூக்கு வழியாக வராமல் விளிம்பில் தளும்புகிறது. ஆயி மெழுகுக் கையை மேசையில் வைத்தார். கப்பையும் வைத்தார். ஒன்றும் பேசாமல், தன் உள்ளங்கையை ஜக்கின் அடியில் கொடுத்தார். அவர் கையும் நடுங்கியது, அதற்குத்தானே நேர்ச்சை. இரண்டு நடுக்கமும் ஒன்றோடொன்று முட்டி, எப்படியோ ஜக் சாய்ந்து, கப் நிறைந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. ஆயி தண்ணீரைக் குடித்துவிட்டு, மலையைக் காட்டி, மாதாவை அவர்கள் அழைக்கும் பெயரால் "மோத் மாவுலி" என்றார். அத்தை "மரியே வாழ்க" என்றார். ஆயி மராத்தியில் நிறையப் பேச, அத்தை நெல்லைத் தமிழில் அதைவிட நிறையப் பேசினார். போகும்போது "புட்ச்யா வர்ஷி!" என்று கை காட்டிவிட்டுப் போனார் ஆயி. பிள்ளையார் ஊர்வலத்தில் கேட்டுக் கேட்டு, 'அடுத்த வருடம்' என்ற அந்த மராத்தி மட்டும் தாராவிக்காரர்கள் எல்லோருக்கும் புரியும்.

வீட்டுக்கார ஆன்ட்டி இதையெல்லாம் பால்கனியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டீ கொண்டுவந்தவர் எங்களோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோளி மீனவர் ஒருவர், கடலில் மாதா சுரூபம் கிடைக்கும் என்று கனவு கண்டு, அப்படியே மிதந்துவரக் கண்டெடுத்த கதையைச் சொன்னார். அதனால்தான் கோளிகளுக்கு இந்த மலை மேல் இத்தனை உரிமை. அது பக்கத்துப் புனித அந்திரேயா கோயிலில் இருந்த சுரூபம். இப்போது பீடத்தில் இருப்பது அதற்கும் பழையது என்றார். 1700-ல் கடற்கொள்ளையர்கள் வந்து, மாதா கையில் இருந்த தங்க முலாம் பூசிய பொருளுக்கு ஆசைப்பட்டு, சுரூபத்தின் வலது கையையே வெட்டிவிட்டார்களாம். கோயிலை 1760-ல் திரும்பக் கட்டியபோது வேறு சுரூபம்தான் இருந்ததாம். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1904-ல் வந்தது. கை போன அந்தப் பழைய மாதாவையே பிறகு சரிசெய்து பீடத்தில் வைத்திருக்கிறார்கள்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதில் அத்தைக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது.

"எந்தக் கைன்னா?"

"வலது கை, அத்தை."

அத்தை டீயைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தார்: "எலிசபெத்தம்மா வயசான காலத்துல மாசமா இருக்கான்னு கேட்டதும் இவ மலைநாட்டுக்கு ஓடுனாள்லா. மூணு மாசம் அங்கனயே இருந்தா. என்ன செஞ்சிருப்பாங்க? தண்ணி எடுத்திருப்பா. மாவு திரிச்சிருப்பா. அவ வயித்துல யாரு இருந்தா, பாரு! ஆனாலும் போயி வேல செஞ்சிருக்கா." இயேசு பிறப்பார் என்று தூதர் சொன்ன மங்கள வார்த்தை முடிந்த கையோடு மாதா செய்த முதல் காரியம் இதுதான் என்று எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு இப்படி உறைத்ததில்லை.

கேன்கள் காலியானதும், தெருவைக் கூட்டி, ஆன்ட்டி வந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கோயிலுக்கு ஏறினோம். எதிரே பாத்திமா மாதா கெபிப் படிகளில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் போக முடியாத கூட்டம். வரிசையில் எவ்வளவு நேரம் நின்றோமோ. முன்னால் நின்ற நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே நகர்ந்தார்கள்; மாதாவை அவர்கள் திரையில்தான் பார்த்தேன். பீடத்துக்குக் கிட்டே போனதும் தொண்டர்கள் "சலோ, சலோ, ஆகே படோ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார்கள். நாள் முழுக்க நான் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்த மன்றாட்டுகள், மகன் படிப்பு, ரூம் கடன், அண்ணன் குடி, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தங்க அங்கியில் அம்மா நிற்கிறார். அவ்வளவுதான் தெரிந்தது. கண் மறைத்துவிட்டது.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். வலது கையைத் தூக்கினார். நெஞ்சு வரை வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. விரல்கள் விரிந்தும் விரியாமலும் அந்தக் கையை மாதாவுக்குக் காட்டி, "ஊத்திட்டேன், தாயே" என்றார். தள்ளிக்கொண்டிருந்த தொண்டர் பையன், அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது, கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த கூட்டத்தைத் தன் முதுகால் தடுத்து நின்றான். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும்.

நன்றி சொல்ல ஆரம்பித்தால் எங்கே முடிப்பது! கேட்டைத் திறந்துவிட்ட ஆன்ட்டிக்கு, கேன் சுமந்த எங்கள் அன்பியத்துப் பையன்களுக்கு, ரப்பர் பந்தோடு வந்து அலுக்காமல் பழக்கிவிட்ட அந்தப் பெண்ணுக்கு, தொண்டியில் மோர் கொடுத்த பெயர் தெரியாத அம்மாவுக்கு. எல்லோரையும் அனுப்பிவைத்த என் தாய்க்கு ஸ்தோத்திரம்.

டாக்சி கிடைத்து மாகிம் தாண்டும்போது, "நேர்ச்சை முடிஞ்சுது அத்தை, இனி நிம்மதியாத் தூங்குங்க" என்றேன்.

"முடிஞ்சுதுன்னு எவட்டி சொன்னா? காலு நடக்குத வரைக்கும்னுல்லா நேந்திருக்கேன்."

முன் சீட்டில் இருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னல பாக்க? அடுத்த வருசத்துக்கு அந்தக் காயிதக் கப்பு வேண்டாம், சில்வர் தம்ளரு வாங்கு. அந்தப் புள்ள மோரு கேட்டாள்லா, மோரும் கலக்கணும். பொறவு," என்று கொஞ்சம் யோசித்து, "இன்னொரு ஸ்டூலு வேணும். அந்த ஆயியும் வருவா" என்றார்.