ஸ்பாய்லர் எழவில்லை என்றால் த்ராட்டிலைப் பாருங்கள்

ஏர்பஸ் ஏ320 விமானம் தரை தொட்டதும், தூக்கு விசையைக் கெடுத்து விமானத்தைத் தரையில் அழுத்தும் ஐந்து ஸ்பாய்லர் பலகைகள் ஒவ்வொரு இறக்கையின் மேலும் படக்கென்று எழ வேண்டும். என் சிமுலேட்டரில் ஒரு நாள் எழும், மறுநாள் எழாது. ஸ்பாய்லர் லீவரை மேலே இழுத்து ஆர்ம் செய்தாயிற்று, அதாவது தானாக எழத் தயார் நிலையில் வைத்தாயிற்று, திரையில் பச்சை எழுத்தில் கிரவுண்ட் ஸ்பாய்லர்ஸ் ஆர்ம்ட் என்று வந்துவிட்டது, மெயின் கியர் (இறக்கைக்குக் கீழே உள்ள முக்கியச் சக்கரங்கள்) இரண்டும் நன்றாகவே தரையில் உட்கார்ந்துவிட்டன, ஆனாலும் விமானம் பாட்டுக்கு ரன்வேயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தானாகப் பிடிக்க வேண்டிய ஆட்டோபிரேக்கும் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளாக இதே பஞ்சாயத்து.

நான் ஓட்டுவது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஃப்ளைபைவயர் குழு இலவசமாகக் கொடுக்கும் ஏ32என்எக்ஸ் என்ற ஏ320 விமானம். இந்த மாதிரி சிக்கல் வந்தால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணு என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். அரை நாள் டவுன்லோடிலேயே போய்விடும், கடைசியில் அதே சிக்கல் அதே இடத்தில் நிற்கும். அதற்குப் பதிலாக, ஸ்பாய்லரை மேலே அனுப்புவதற்கு முன் விமானத்தின் கம்ப்யூட்டர் என்னென்ன கேட்கிறது என்று பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

ஏர்பஸ் கேட்பது இவ்வளவுதான்: மெயின் கியர் இரண்டும் தரையில் இருக்க வேண்டும், ஸ்பாய்லர் ஆர்ம் ஆகியிருக்க வேண்டும், த்ரஸ்ட் லீவர் (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்) இரண்டும் ஐடிலில், அதாவது குறைந்தபட்ச சக்தியில், இருக்க வேண்டும். ஆர்ம் செய்ய மறந்தாலும் ஒரு இன்ஜினில் ரிவர்ஸ் (இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) இழுத்து மற்றதை ஐடிலில் வைத்தால் ஸ்பாய்லர் எழும். சரி, ஆட்டோபிரேக் ஏன் பிடிக்கவில்லை? ஸ்பாய்லருக்கு எழச் சொல்லிக் கட்டளை போன பிறகுதான் அது தன் கடிகாரத்தையே ஓட விடும், லோ என்றால் 4 வினாடி கழித்து, மீடியம் என்றால் 2 வினாடி கழித்து. ஸ்பாய்லர் இல்லை என்றால் அதுவும் இல்லை. அதனால் இரண்டு கோளாறு சேர்ந்து வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், இருப்பது ஒன்றுதான்.

ஆர்ம் பச்சையாக இருக்கிறது, கியரும் தரையில் இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது த்ராட்டில் மட்டும்தான். அதைப் பார்க்க ஒரு அருமையான இடம் இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை: மேல் திரையில், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் என்1 வட்டத்தின் விளிம்பில் ஒரு குட்டி நீல வளையம். இன்ஜின் என்ன செய்கிறது என்பதை ஊசி காட்டும், லீவர் எங்கே நிற்கிறது என்பதை இந்த வளையம் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, நம் மேசையிலிருக்கும் த்ராட்டில் லீவர்களை ஐடிலுக்குத் தள்ளிவிட்டு வளையங்களை உற்றுப் பாருங்கள். என்னுடையதில் இடது வளையம் அசையாமல் நின்றது. வலது வளையம் ஒரு மயிரிழை மேலே ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கையை எடுத்த பிறகும் துடித்துக்கொண்டே இருந்தது. அது கீழே இருக்கும் நொடியில் தரை தொட்டால் ஸ்பாய்லர் எழும், மேலே இருக்கும் நொடியில் தொட்டால் எழாது. ஒரு நாள் வேலை செய்து ஒரு நாள் சொதப்பியதற்குக் காரணம் இதுதான்.

காரணம் லீவருக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று வருமே, அதே சாமான். தூசி சேர்ந்தாலோ தேய்ந்தாலோ ஒரே இடத்தில் நிற்கத் தெரியாது. கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம், ஆனால் அதற்கு முன் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஏ32என்எக்ஸின் காக்பிட்டில் இருக்கும் ஃப்ளைபேட் என்ற டேப்லெட்டில் த்ராட்டில் கேலிபரேஷன் (அளவைச் சரிசெய்யும்) பக்கம் இருக்கும். அங்கே ஐடில், கிளைம்ப் (மேலேறும் சக்தி), ஃப்ளெக்ஸ், டோகா (இரண்டும் டேக்ஆஃப் சக்தி) என்று லீவரின் ஒவ்வொரு நிலைக்கும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று ஒரு எல்லை கொடுக்கலாம். லீவரை ஐடிலில் வைத்துவிட்டு அந்த எண் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, அந்த ஆட்டம் முழுவதும் உள்ளே அடங்குகிற மாதிரி ஐடில் எல்லையைக் கொஞ்சம் தாராளமாக விரித்துவிட்டால் போதும். இரண்டு லீவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஒன்று ஆடுகிற மாதிரியே மற்றதும் ஆடும் என்று கிடையாது.

அப்புறம், சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் அப்ரோச் பண்ணி இறங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரன்வேயிலேயே சோதித்துவிடலாம். ஸ்பாய்லரை ஆர்ம் செய்து, ஆட்டோபிரேக்கை மேக்ஸில் வைத்து, டேக்ஆஃப் மாதிரி கிளம்புங்கள். 100 நாட் வேகம் வந்ததும் லீவர்களை ஐடிலுக்கு இழுங்கள். சக்கர வேகம் 72 நாட்டுக்கு மேல் இருந்தால் ஸ்பாய்லர் உடனே எழ வேண்டும், பிரேக்கும் முகத்தில் அறைகிற மாதிரி பிடிக்க வேண்டும். காக்பிட் திரையில் வீல் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் பச்சை அம்புகள் வரிசையாக மேலே பார்த்து நிற்பது தெரியும். அம்பு வராமல், ரிவர்ஸ் இழுத்த பிறகுதான் வந்தது என்றால் ஐடில் இன்னும் ஐடிலாகவில்லை என்று அர்த்தம்.

ஒரு லீவர் கொஞ்சம் மேலே இருப்பதற்கெல்லாம் கம்ப்யூட்டர் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று எரிச்சல் வரலாம், எனக்கும் வந்தது. ஆனால் லீவர் மேலே இருந்தால், பைலட் மறுபடி மேலே ஏறப் பார்க்கிறார் என்றுதான் அது எடுத்துக்கொள்ள முடியும், அந்த நேரத்தில் ஸ்பாய்லரை எழுப்பினால் கதை முடிந்தது. இதன் மறுபக்கம் 2007 ஜூலை 17 அன்று சாவ் பாவ்லோவின் கொங்கோன்யாஸ் விமான நிலையத்தில் நடந்தது. பிரேசிலின் டாம் விமான நிறுவனத்தின் ஏ320, மழையில் நனைந்த 1,940 மீட்டர் ரன்வே. வலது ரிவர்ஸர் ஏற்கனவே முடக்கி வைக்கப்பட்டிருந்தது. இடது லீவர் ரிவர்ஸுக்குப் போனது, வலது லீவர் கிளைம்ப் நிலையிலேயே இருந்ததாகக் கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. ஸ்பாய்லர் எழவில்லை, ஆட்டோபிரேக் பிடிக்கவில்லை. விமானத்திலும் தரையிலுமாக 199 பேர் இறந்தார்கள். நாம் மேசையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கும் அதே நிபந்தனைதான்.

போயிங் 737 ஓட்டுகிறவர்களுக்கு வருவது வேறு மாதிரி. அங்கே ஸ்பாய்லர் எழும், எழுந்த வேகத்தில் மடங்கியும் விடும். 737-இல் தரை தொட்டதும் ஸ்பீட்பிரேக் லீவரையே ஒரு மோட்டார் பின்னால் இழுத்து அப் நிலைக்குக் கொண்டுபோகும். நம் மேசையிலிருக்கும் லீவருக்கு மோட்டார் கிடையாது, அது ஆர்ம் நிலையிலேயே நிற்கும். தரை தொட்ட அதிர்வில் கை பட்டோ, உள்ளே எண் லேசாக ஆடியோ, நான் ஆர்மில் இருக்கிறேன் என்று அது ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், சிமுலேட்டர் அதை நம்பி ஸ்பாய்லரை இறக்கிவிடும். இதற்கு ஆர்ம் செய்வதை ஒரு பட்டனுக்கு மாற்றிவிட்டு சிமுலேட்டர் அமைப்பில் அந்த லீவரின் இணைப்பை (ஆக்ஸிஸ்) நீக்கிவிடலாம். லீவரை விட மனசில்லை என்றால், தரை தொட்டதும் நாமே கையால் பின்னால் இழுத்துவிடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். நிஜ 737-இலும் தரை தொட்டதும் லீவர் நகர்ந்ததா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், நகரவில்லை என்றால் கேப்டன் கையால்தான் இழுப்பார்.