என்ஓசிக்குச் சிக்கல் வராது

"என்ஓசிக்குச் சிக்கல் வராது" என்று சொன்னது நான்தான். என்ஓசி என்றால் தீயணைப்புத் துறை தரும் தடையின்மைச் சான்று. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் 2019இல் சொன்ன அந்த வாக்கியம் இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்துக்கான கூட்டம் அது. பேச்சு முகப்புச் சுவரின் வெப்பக் காப்பைப் பற்றியது. உள்ளே பிளாக் சுவர், வெளியே அலுமினியப் பானல், நடுவில் காப்பு. வரைபடத்தில் 75 மில்லிமீட்டர் ராக்வூல், அதாவது கல்லிழைப் பஞ்சு, என்று இருந்தது. அதற்குப் பதிலாக 50 மில்லிமீட்டர் பிஐஆர் ஃபோம் என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகை போடலாம் என்று முகப்பு ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். வெயிலைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஃபோம் விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் சுவர் ஓர் அங்குலம் மெலியும். ஒன்பது மாடி, நான்கு பக்கம் என்று கணக்குப் போட்டால் அந்த ஓர் அங்குலம் வாடகைக்கு விடும் இடமாகிவிடுகிறது.

பசுமைச் சான்று ஆலோசகராக வந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் ஏசிக்குக் குடிக்கும் மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறும். உண்மையான அக்கறை உள்ளவர். சென்னை மழையில் பானல் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் ராக்வூல் நனைந்து சரிந்துவிடும், பிறகு காப்பே இருக்காது என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படி நனைந்து தொங்கிய ராக்வூலை நானே பார்த்திருக்கிறேன்.

திரையில் ஒப்பீட்டு அட்டவணை. விலை, தடிமன், எடை, வேலை நாட்கள், ஆண்டுக்கு மிச்சமாகும் மின்சாரம்.

"சார், ராக்வூலே போட்டால் கட்டடத்துக்குக் கூடுதலாக என்ன நன்மை? ஓர் எண் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்" என்றார்.

"எரியாது, மேடம்."

"அது எண் இல்லையே, சார்."

அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு உண்மையாகவே காத்திருந்தார். என்னிடம் எண் இல்லை. அந்த இடைவெளியில்தான் உரிமையாளர் தரப்புத் திட்ட மேலாளர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "சார், என்ஓசிக்கு ஏதாவது சிக்கல் வருமா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். நான் சொன்னேன். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது.

தீயணைப்புத் துறையினர் ஆய்வுக்கு வந்தால் படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழி, தரைத்தொட்டி, பம்பு, ஹைட்ரண்ட், வண்டி சுற்றிவரும் இடம் இவற்றைப் பார்ப்பார்கள். மூடிய பானலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்க்க முடியும்? அதனால்தான் 'வராது' என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்கான பதில். கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. தீப்பாதுகாப்பு ஆலோசகர் என்று எனக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்ததே அந்த வேறு கேள்விக்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று என் நாற்காலிக்குக் கீழே இருந்த பையில் இரண்டு துண்டுகள் இருந்தன. முந்தைய நாள் மாலை தளத்தில் வெல்டரிடம் கேஸ் டார்ச் வாங்கி, இரண்டு மாதிரிகளையும் சுட்டுப் பார்த்திருந்தேன். ராக்வூல் துண்டில் தீ பட்ட இடம் சிவந்தது. டார்ச்சை எடுத்ததும் வெளுத்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் திட்டு மட்டும் மிஞ்சியது. ஃபோம் கறுத்துக் கரியாகி, ஓரம் சுருண்டு, தொண்டையைக் கமறவைக்கும் புகையை விட்டது. டார்ச்சை எடுத்த பிறகு சுடர் தானாக அடங்கியது, அதையும் சொல்ல வேண்டும். வெல்டர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "இது வேண்டாம் சார்" என்றார். இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். வெளியே எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல காரணம் உண்டு. கையளவு துண்டை டார்ச்சில் காட்டுவது சோதனை ஆகாது. சுவர் எரிவது வேறு விஷயம்: பானல் எது, இடைவெளி எவ்வளவு, ஒவ்வொரு தளத்திலும் தடுப்பு இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது அது. துண்டை மேசை மேல் போட்டுப் பயமுறுத்துவது பொறியாளர் செய்யும் வேலை இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் சபையில் புகை நாற்றம் அடிக்கும் ஒரு துண்டை எடுத்து நீட்டக் கூச்சப்பட்டேன் என்பதும் உண்மைதான். எது முதலில் வந்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. 2017 மே 31 அதிகாலை தியாகராய நகரில் பிடித்த தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்ததையும், அந்தப் பல மாடித் துணிக்கடைக் கட்டடத்தில் ஒரு பகுதி சரிந்து, மிச்சத்தை இடிக்க நேர்ந்ததையும் பார்த்தவன் நான். அடுத்த இரண்டு வாரத்தில், ஜூன் 14 அன்று, லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம். நான்காவது மாடியில் ஒரு சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் தொடங்கிய தீ வெளிச்சுவர் வழியாக 24 மாடியும் ஏறியது. 72 பேர் இறந்தார்கள். வீடுகளில் குளிர் குறையட்டும் என்று முந்தைய ஆண்டுதான் அந்தச் சுவருக்குக் காப்பும் பானலும் போட்டு முடித்திருந்தார்கள். அங்கே பானலின் உள்ளே இருந்தது பாலிஎத்திலீன் என்ற எரியும் பிளாஸ்டிக். தீ ஏறியதற்கு முதல் காரணம் அதுதான். எங்கள் பானலின் உட்கரு தீயைத் தாங்கும் ரகம். இந்த வித்தியாசத்தை எத்தனை இரவு எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

தியாகராய நகர் இடிபாடுகள் லாரியில் போனபோது எழுந்த நினைப்பைத்தான் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட்டுத்தான் சிமெண்ட் வருகிறது. அந்தக் கார்பன் முழுவதும் கட்டடம் எழும்போதே காற்றில் ஏறிவிடுகிறது. ஐம்பது, அறுபது ஆண்டு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அதைப் பொறுத்துக்கொள்கிறோம். பத்தாவது ஆண்டில் எரிந்துபோனால் அத்தனையையும் மறுபடி சுட வேண்டும். ஏசியில் மிச்சம் பிடித்த யூனிட்டுகள் அந்தப் பள்ளத்தை நிரப்புமா? தீயைத் தாங்காத கட்டடத்தைப் பசுமைக் கட்டடம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது? இவ்வளவையும் இப்போது தெளிவாக எழுத முடிகிறது. அன்று 'எரியாது' என்ற ஒரே சொல்தான் வந்தது.

எண்ணைத் தேடிப் பிறகு அலைந்தேன். அமெரிக்காவில் எஃப்எம் குளோபல் என்ற காப்பீட்டு நிறுவனம் ஒரே மாதிரி இரண்டு வரவேற்பறைகளைச் செய்து, ஒன்றில் மட்டும் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) வைத்து எரித்துப் பார்த்தது. ஸ்பிரிங்க்ளர் இருந்த அறையிலிருந்து வெளியேறிய பசுங்குடில் வாயுக்கள் 97.8 சதவீதம் குறைவு என்று 2010இல் வெளியிட்டார்கள். படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். அது ஸ்பிரிங்க்ளருக்கான எண். எங்கள் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் ஏற்கெனவே இருந்தது. பானலுக்குப் பின்னால் ஏறும் தீயை அறைக்குள் இருக்கும் ஸ்பிரிங்க்ளர் தொடாது.

கூட்டத்துக்குப் பிறகு நான் சும்மா இருந்துவிடவில்லை. ஒவ்வொரு தளத்தின் மட்டத்திலும் பானலுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை ராக்வூல் பட்டையும் தகடும் வைத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் அது புகைபோக்கியாகிவிடும் என்று கடிதம் எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள். அதைப் பெரிய வெற்றியாகவே நினைத்தேன். ஆறு மாதம் கழித்து ஆறாவது மாடிச் சாரத்தில் நின்று பார்த்தபோது, ஏசி செப்புக் குழாய்க்காக அந்தத் தகட்டைக் கையகலம் வெட்டியிருந்தார்கள். ஓட்டையில் வெறும் சிமெண்ட் சாக்கைத் திணித்திருந்தார்கள். நான் நின்று அதைச் சரிசெய்ய வைத்தேன். மற்ற மூன்று பக்கமும் அதற்குள் பானல் ஏறிவிட்டது.

கட்டடம் நன்றாகவே இருக்கிறது. மின்கட்டணம் அந்தப் பெண் சொன்னபடியே குறைந்திருக்கிறது. அவரே மகிழ்ச்சியோடு செய்தி அனுப்பினார். நானும் வாழ்த்தினேன், மனதார. அந்தச் சாலையில் போகும்போது மட்டும் பஸ்ஸில் வலப்பக்கம் உட்காருவதைத் தவிர்க்கிறேன்.

சென்ற மாதம் வேறொரு கட்டடத்துக்கு அதே மாதிரி அட்டவணை வந்தது. 'தீயை எத்தனை நிமிடம் தாங்கும்' என்று ஒரு பத்தியை நானே சேர்த்து அனுப்பினேன். மறுநாளே தொலைபேசி வந்தது. "சார், இந்தப் பத்தி என்ஓசிக்குத் தேவையா?"

"தேவையில்லை" என்றேன். "ஆனால் எடுத்துவிடாதீர்கள், கூட்டத்தில் நான் பேச வேண்டும்."

கூட்டம் இன்னும் நடக்கவில்லை. இரண்டு துண்டுகளும் மேசை இழுப்பறையில் அதே செய்தித்தாளில் இருக்கின்றன. எடுத்துப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.